நீங்கள் யாருடைய ஆள்? கொழும்பில் கட்டட வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு

விடியப்புறம் ஹட்டன் பஸ் புறக்கோட்டை பெஸ்டியன் மாவத்தையில் வந்து நிற்கும்போது, தோளில் ஒரு பையோடு இறங்கும் பையன்களை இன்றைக்கும் பார்க்கிறேன். கூட்டிவந்த பாஸ் முன்னால் நடப்பார், இவர்கள் பின்னால் போவார்கள். எந்த சைட், யாருடைய கட்டடம், சம்பளம் யார் கையால் வரும் என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. "பாஸ்தான் கூட்டிட்டு வந்தாரு" என்பதோடு பேச்சு நின்றுவிடும். கிளிநொச்சியிலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் வருகிறவர்களும் அப்படித்தான். நானும் அப்படித்தான் வந்தேன். கையாளாகத் தொடங்கி, சாரம் (உயரத்தில் நின்று வேலை செய்யக் கட்டடத்தைச் சுற்றிக் கம்பியாலும் பலகையாலும் எழுப்பும் தட்டு) கட்டப் பழகி, இப்போது ஒரு சைட் ஒபிசில் ஆட்களின் வரவையும் பாதுகாப்புப் பதிவுகளையும் பார்க்கிறேன்.

இத்தனை வருடத்தில் ஆஸ்பத்திரி வாசலில் நான் அதிகம் கேட்ட கேள்வி, "இவர் யாருடைய ஆள்?" என்பதுதான். வைத்தியசாலை கேட்கும், பொலிஸ் கேட்கும், தொழில் திணைக்களம் கேட்கும். அடிபட்டவனால் பதில் சொல்ல முடியாது. பாஸின் போன் ஓஃப் ஆகியிருக்கும். அதனால் இந்த வழிகாட்டியை விபத்திலிருந்து தொடங்காமல், நீங்கள் பையை இறக்கி வைக்கும் முதல் நாளிலிருந்து தொடங்குகிறேன்.

முதல் நாள்: பெயர்களைப் பிடித்துக்கொள்ளுங்கள்

கொழும்பில் ஒரு அடுக்குமாடி எழும்புகிறதென்றால் அதற்குள் குறைந்தது நான்கு அடுக்கு மனிதர்கள் இருப்பார்கள். மேலே காணிக்காரர், அல்லது வீடு கட்டி விற்கும் கம்பனி. அவர்களுக்குக் கீழே பிரதான கொந்தராத்துக்காரர். அவரிடமிருந்து ஷட்டரிங் (கொங்கிரீட் ஊற்றப் பலகை அடைப்பது), கம்பி, டைல்ஸ், பெயின்ட் என்று பிரித்து எடுக்கும் சப் கொந்தராத்துக்காரர்கள். கடைசியாக, ஊரிலிருந்து ஆள் கூட்டிவரும் பாஸ். உங்களுக்குத் தெரிந்தது கடைசி ஆளை மட்டும்தான். அடிபட்டால் நட்டஈடு கொடுக்கக் கையில் காசில்லாதவரும் பெரும்பாலும் அவரேதான்.

சட்டம் இதை முன்னாலேயே யோசித்திருக்கிறது. 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின்படி, தன் தொழிலுக்காக எடுத்த வேலையை வேறொருவருக்குப் பிரித்துக் கொடுத்த பிரதான கொந்தராத்துக்காரர், அந்த இடத்தில் அடிபட்ட ஆளுக்குத் தானே நேரடியாக வேலைக்கு அமர்த்தியவர் போல நட்டஈடு கொடுக்கக் கடமைப்பட்டவர். கொடுத்த பணத்தைச் சப் கொந்தராத்துக்காரரிடம் வாங்கிக்கொள்வது அவர் பாடு. "நீ என் ஆள் இல்ல, அவன் ஆள்" என்பது ஆபிஸ் வாசலில் எடுபடலாம், இந்தச் சட்டத்தின்கீழ் கோரிக்கைகளை விசாரித்துத் தீர்ப்புச் சொல்லும் நட்டஈட்டு ஆணையாளர் முன்னால் எடுபடாது. ஆனால் அந்தப் பிரதான ஆள் யார் என்று நீங்கள் காட்ட வேண்டும்.

அதற்கு வழி சைட் வாசலிலேயே தொங்குகிறது. பெரிய சைட்டுகளில் தகர வேலியில் ஒரு பெயர்ப்பலகை இருக்கும். கட்டடத்தின் பெயர், சொந்தக்காரர், ஆலோசகர், கொந்தராத்துக்காரர் எல்லாம் அதில் இருக்கும். போனை எடுத்து ஒரு படம் பிடியுங்கள். பலகையும் பின்னால் கட்டடமும் தெரிகிற மாதிரி இன்னொன்று எடுங்கள். வீதியின் பெயரையும் வாசல் இலக்கத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். பலகையே இல்லாத சின்ன சைட் என்றால், சீமெந்து இறக்க வரும் லொறிக்காரரின் பில்லில் யார் பெயர் எழுதியிருக்கிறது என்று பாருங்கள். காசு கட்டுகிறவர் பெயர் அதில் இருக்கும்.

பிறகு காசைப் பார்க்காமல் ஒரு சின்னக் கொப்பி வாங்குங்கள். திகதி, எத்தனை மணிக்கு ஏறினேன், எந்த மாடி, என்ன வேலை, யார் சொன்னது, எவ்வளவு அட்வான்ஸ் வாங்கினேன். ஒரு நாளுக்கு இரண்டு வரி போதும். சம்பளம் கையில் தருகிறார்கள் என்றால், "அண்ணே, இந்தக் கிழமை காசு கிடைச்சிச்சு, நன்றி" என்று பாஸுக்கு ஒரு வாட்ஸ்அப் செய்தி போட்டு வையுங்கள். அவர் "சரி" என்று பதில் போட்டால், நீங்கள் அவரிடம் வேலை செய்தீர்கள் என்பதற்கு அதுவே எழுத்துச் சாட்சி. நட்டஈட்டுத் தொகை உங்கள் சம்பளத்தை வைத்துத்தான் கணக்கிடப்படும் என்பதால், உண்மையான சம்பளம் எங்காவது பதிவாகியிருப்பது முக்கியம்.

ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) பிடிக்கிறார்களா என்று முதல் கிழமையிலேயே கேளுங்கள். உங்கள் சம்பளத்தில் 8 வீதம், முதலாளி பங்காக 12 வீதம். ஈடிஎஃப் (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 வீதம் முழுக்க முதலாளியுடையது, உங்கள் சம்பளத்தில் கை வைக்கக் கூடாது. அங்கத்துவ இலக்கம் கிடைத்தால் அதைவிடப் பெரிய சாட்சி வேறில்லை. கிடைக்காவிட்டாலும் மனம் தளர வேண்டாம். நாட்கூலிக்கு நட்டஈடு இல்லை, எழுத்தில் ஒப்பந்தம் இல்லாவிட்டால் நட்டஈடு இல்லை என்று சொல்வதெல்லாம் பொய். வாய்ப்பேச்சு ஒப்பந்தமும் ஒப்பந்தம்தான்.

ஒரு இடத்தில் மட்டும் கவனம் தேவை. தனியார் ஒருவர் தான் குடியிருக்கும் வீட்டுக்கு மேல்மாடி போடுகிறார் என்றால், அந்த வீட்டுக்காரரை மேலே சொன்ன பிரதான கொந்தராத்துக்காரர் கணக்கில் சேர்ப்பது கடினம், வீடு கட்டுவது அவருடைய தொழிலில்லையே. அப்படியான வேலையில் உங்களைக் கூட்டிவந்த பாஸ்தான் சட்டப்படி உங்கள் முதலாளி. அவர் காப்புறுதி எடுத்திருக்கிறாரா என்று கேட்டுவிட்டு ஏறுங்கள்.

ஏறுவதற்கு முன் பாருங்கள்

ஹெல்மெட், பூட்ஸ் இரண்டும் கொடுத்தால்தான் ஏறுவேன் என்று சொல்லுங்கள். இதைப் பற்றி நீட்டி எழுதப் போவதில்லை, எல்லோரும் சொல்கிறார்கள். பலமாக அடிபட்ட ஹெல்மெட்டை, வெடிப்பு தெரியாவிட்டாலும் மாற்றச் சொல்லுங்கள் என்பதை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். புதியவர்களுக்கு யாரும் சொல்லாத சங்கதிகள் வேறு இருக்கின்றன.

முதலாவது, தரையில் கிடக்கும் பிளைவுட். என் இரண்டாவது மாதம். பம்பலப்பிட்டிப் பக்கம் ஒரு கட்டடம், நான்காம் மாடி. தரையில் ஒரு பிளைவுட் பலகை கிடந்தது. "அதைத் தூக்கிட்டு வா" என்றார் பாஸ். குனிந்து இரண்டு கையாலும் எடுத்து, நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு முன்னால் ஓர் அடி வைத்தேன். அடியில் தரை இல்லை. குழாய் இறக்குவதற்காக ஸ்லாப்பில் விட்டிருந்த ஓட்டையை மூடத்தான் அந்தப் பலகையைப் போட்டிருந்தார்கள். பலகை முகத்தை மறைத்ததால் ஓட்டை எனக்குத் தெரியவில்லை. நீட்டிக்கொண்டிருந்த கம்பியில் முழங்கால் மாட்டியதும், பக்கத்தில் நின்ற கிளிநொச்சிப் பையன் என் சேர்ட் கொலரைப் பிடித்ததும்தான் என்னைக் காப்பாற்றின. கம்பி கிழித்த தழும்பு இன்னும் முழங்காலில் இருக்கிறது. தரையில் கிடக்கும் எந்தப் பலகையையும் தூக்குவதற்கு முன் காலால் ஒரு பக்கமாகத் தள்ளி, கீழே என்ன இருக்கிறதென்று பாருங்கள். ஓட்டையை மூடும் பலகையை ஆணியோ போல்டோ போட்டு இறுக்கி, மேலே பெயின்டால் குறி போட வேண்டும். அப்படிச் செய்யாத சைட்டில் நீங்களே ஒரு கரித்துண்டால் பெரிய பெருக்கல் குறி போட்டுவிடுங்கள். லிஃப்ட் குழிக்கு முன்னால் கயிறோ ரிப்பனோ மட்டும் கட்டியிருந்தால் அது தடுப்பில்லை. சாய்ந்தால் உங்கள் பாரத்தைத் தாங்க வேண்டும், அதுதான் தடுப்பு.

இரண்டாவது சாரம். சிங்களத்தில் பலஞ்சிய என்பார்கள். ஏறுவதற்கு முன் கீழே நின்று நான்கு இடத்தைப் பாருங்கள்: கால்கள் பலகை மேலோ தட்டு மேலோ நிற்கின்றனவா, மண்ணில் புதைந்திருக்கின்றனவா? குறுக்குக் கம்பிகள் எல்லாம் இருக்கின்றனவா, யாராவது வழிக்காகக் கழற்றிவிட்டார்களா? சுவரோடு கட்டியிருக்கிறதா? நடக்கும் பலகை முழு அகலத்துக்கும் இருக்கிறதா? கையில் பிடிக்கத் தடுப்புக் கம்பி இருந்தால் போதாது, காலடியில் சாமான் உருண்டு விழாதபடி ஒரு தடுப்புப் பலகையும் வேண்டும். கீழே நிற்பவன் தலையில் விழும் செங்கல் மேலேயிருந்து யாரும் எறிந்ததல்ல, காலால் தட்டுப்பட்டு உருண்டதுதான். மழை ராத்திரிக்கு மறுநாள் காலையில் சாரத்தைத் திரும்பப் பாருங்கள். வெள்ளவத்தை, தெஹிவளைக் கரையோரம் மணல் நிலம், ஒரு மழையில் கால் இறங்கிவிடும். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரம் இடி மின்னலோடு மழை வருவது கொழும்பின் வழக்கம். மேகம் கறுத்தால் இறங்கிவிடுங்கள், கேட்க வெட்கப்பட வேண்டாம்.

பாதுகாப்புப் பெல்ட் கொடுத்தால் கொக்கியைத் தலைக்கு மேலே மாட்டுங்கள். காலடியில் மாட்டினால், விழும்போது கயிற்றின் நீளத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு தூரம் விழுந்த பிறகே கயிறு இழுக்கும். உயரம் குறைந்த மாடியில் அதற்குள் தரை வந்துவிடும். சாரத்தின் பொருத்து ஆடும் கம்பியில் மாட்டுவது கட்டாமலிருப்பதைவிடக் கொஞ்சம்தான் மேல்.

அத்திவாரக் குழி. நெஞ்சளவுக்கு மேல் ஆழமுள்ள குழிக்குள் பக்கத்தில் பலகை அடைக்காமல் இறங்காதீர்கள். ஒரு கன மீற்றர் மண் ஒன்றரை டன்னுக்கும் மேல் கனக்கும். நெஞ்சு வரை புதைந்தவன் தலை வெளியே இருந்தாலும் மூச்சு விட முடியாமல் போய்விடுவான். தோண்டிய மண்ணைக் குழி விளிம்பில் குவிக்க விடாதீர்கள், இரண்டு அடியாவது தள்ளிப் போட வேண்டும். பழைய மதிலுக்கு அடியில் தோண்டச் சொன்னால் அந்த மதிலுக்கு முட்டு வைத்த பிறகே தோண்டுங்கள். இது கொழும்பில் பக்கத்து வீட்டு மதிலோடு ஒட்டிக் கட்டும் எல்லாச் சைட்டிலும் இருக்கும் ஆபத்து.

கரன்ட். நம் வீட்டு மின்சாரமும் சைட் மின்சாரமும் ஒரே 230 வோல்ட்தான், ஆனால் சைட்டில் வயர் தண்ணீரில் கிடக்கும், நம் கை வேர்வையில் நனைந்திருக்கும். மின்சாரம் கசிந்தால் தானாகவே நிறுத்தும் ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். அதில் உள்ள சோதனைப் பொத்தானை அழுத்தினால் மின்சாரம் நிற்க வேண்டும். பிளக் இல்லாமல் வயர் முனையை நேரே சொருகிக் குச்சியால் இறுக்கியிருந்தால் அந்த மெஷினைத் தொடாதீர்கள். நீளக் கம்பியைத் தோளில் வைத்துத் திரும்பும்போது வீதியோர மின்கம்பி எங்கே என்று பார்த்துவிட்டுத் திரும்புங்கள்.

கிரைண்டரில் தட்டை மூடும் கவசத்தைக் கழற்றிவிட்டுப் பெரிய தட்டுப் போடுவது பல சைட்டுகளில் பழக்கமாகிவிட்டது. தட்டு உடைந்தால் முகத்தில் வரும். அதோடு இன்னொரு சங்கதி, கவசத்தை வேண்டுமென்றே கழற்றினார் என்று காட்டிவிட்டால் நட்டஈடே கையைவிட்டுப் போகலாம். அதைக் கீழே சொல்கிறேன்.

கொங்கிரீட் போட்ட ஸ்லாப்பின் அடியில் முட்டுக்கொடுத்து நிற்கும் ஜக்குகளை (இரும்புத் தாங்கு கால்களை) இஞ்சினியர் சொல்லாமல் கழற்றக் கூடாது. அடுத்த மாடிக்கு ஷட்டரிங் தேவை என்ற அவசரத்தில் கழற்றச் சொல்வார்கள். "இஞ்சினியர் மாத்தயாட்ட கேட்டீங்களா" என்று ஒரு தடவை கேளுங்கள். 2017 மே 18ஆம் திகதி வெள்ளவத்தையில் ஐந்து மாடிக் கட்டடமொன்று இடிந்து விழுந்ததும், இடிபாட்டுக்குள் ஆட்கள் சிக்கியதும், உயிரிழப்பு நேர்ந்ததும் காலி வீதியில் வேலை செய்த எங்கள் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. தூணில் புது வெடிப்பு, கதவு திடீரென்று இறுகுவது, கம்பி நொறுங்கும் சத்தம், இவற்றில் ஒன்றைக் கண்டாலும் சாமானை எடுக்கத் திரும்பாமல் வெளியே போங்கள்.

ராத்திரி சைட்டிலேயே படுப்பவர்கள் தடுப்பில்லாத மாடியில் பாய் போட வேண்டாம். தூக்கக் கலக்கத்தில் சிறுநீர் கழிக்க எழுந்து ஓரத்தைத் தாண்டியவர்கள் உண்டு. லிஃப்ட் குழியில் தேங்கிய தண்ணீரை வடியச் சொல்லுங்கள், டெங்கு நுளம்பு பெருகும் இடம் அது.

கையெழுத்துப் போடும் காகிதமும், கத்தும் சொற்களும்

பெரிய சைட்டுகளில் காலையில் எல்லோரையும் நிறுத்திப் பத்து நிமிடம் பாதுகாப்பு விளக்கம் கொடுத்து, ஒரு தாளில் கையெழுத்து வாங்குவார்கள். விளக்கம் சிங்களத்தில், தாள் ஆங்கிலத்தில் இருக்கும். இரண்டும் விளங்காமல் தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டால், "இப்படிச் செய்யாதே என்று சொன்னோம், இதோ கையெழுத்து" என்று நாளைக்கு அது உங்களுக்கு எதிராக நிற்கும். கையெழுத்துக்கு முன், "இதுல என்ன இருக்கு, தமிழ்ல சொல்லுங்க" என்று கேளுங்கள். சொன்னால் அதன்படி நடங்கள். விளங்காவிட்டால், விளங்கவில்லை என்று தமிழிலேயே அந்தத் தாளில் எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

நட்டஈட்டு உரிமையைத் துறக்கிறேன், விபத்துக்கு நானே பொறுப்பு என்று எழுதி வாங்கும் காகிதங்களும் உண்டு. அந்த உரிமையை எழுதிக்கொடுத்து இழக்க முடியாது, சட்டத்தின் முன் அந்தக் காகிதத்துக்குப் பெறுமதி இல்லை.

சிங்களம் பேச வராதவர்கள் இந்தச் சில சொற்களையாவது காதில் ஏற்றிக்கொள்ளுங்கள். மேலேயிருந்து கத்துபவர் தமிழில் மொழிபெயர்த்துக் கத்தமாட்டார். "அயின் வென்ன" என்றால் விலகு. "நவத்தன்ன" என்றால் நிறுத்து. "உட பலன்ன" என்றால் மேலே பார். "பரிஸ்ஸமின்" என்றால் கவனம். கிரேன் தூக்கும்போது "அயின் வென்ன" என்று கேட்டதும் எந்தப் பக்கம் என்று யோசிக்காமல், தூக்கும் சாமானுக்கு நேர்கீழிலிருந்து வெளியே ஓடுங்கள்.

அடிபட்டுவிட்டால்: முதல் பத்து நிமிடம்

மேலேயிருந்து விழுந்தவரைத் தூக்கி நிறுத்தாதீர்கள், முச்சக்கர வண்டியில் மடித்துப் போட்டுக் கொண்டு போகாதீர்கள். முதுகெலும்பு உடைந்திருந்தால் அந்த மடிப்பில்தான் கால்கள் நிரந்தரமாக விளங்காமல் போகும். மூச்சு இருக்கிறதா என்று பாருங்கள், இரத்தம் பீறிட்டால் சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள், 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ், காசு கிடையாது. கரன்ட் அடித்தவரைத் தொடுவதற்கு முன் மெயின் சுவிட்சை நிறுத்துங்கள். மண் சரிந்து மூடியவரைக் காப்பாற்றப் பின்னாலேயே குதித்து இரண்டாவது ஆளும் மாண்ட கதைகள் உண்டு, 119க்கும் தீயணைப்புப் படையின் 110க்கும் அழைத்துவிட்டு, விளிம்பிலிருந்து ஆட்களை விலக்கிவிட்டுத் தோண்டுங்கள். ஈரச் சீமெந்து கண்ணில் பட்டால் தேய்க்காமல் நீண்ட நேரம் தண்ணீர் ஊற்றிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள், அது தோலையும் கண்ணையும் எரிக்கும் காரம்.

அடிபட்டவரோடு ஒருவர் போகட்டும். இன்னொருவர் சைட்டில் நின்று, விழுந்த இடத்தையும் உடைந்த பலகையையும் அப்படியே படம் பிடிக்கட்டும். அன்றைக்கு ராத்திரியே அந்த இடத்தில் புதுத் தடுப்புக் கம்பி முளைத்துவிடுவதை நான் பார்த்திருக்கிறேன்.

ஆஸ்பத்திரியில் சொல்லும் ஒரே வசனம்

இதற்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

லிந்துலைப் பக்கத்துப் பையன் ஒருவன் சாரத்திலிருந்து விழுந்தான். இடுப்பெலும்பு முறிவு. சைட்டிலிருந்து கூடவே வந்தவர் அவன் காதருகே குனிந்து, "தம்பி, வீட்டு மாடிப்படியில வழுக்கிட்டேன்னு சொல்லு, இல்லாட்டி பொலிஸ் கேஸாகும். செலவெல்லாம் நாங்க பாத்துக்கிறோம்" என்றார். வலியில் அவன் தலையாட்டினான். அனுமதிக்கும் இடத்தில் அப்படியே எழுதினார்கள். இரண்டு கிழமை செலவைப் பார்த்தார்கள். மூன்றாவது கிழமை போன் எடுக்கவில்லை. நட்டஈடு கேட்டபோது எதிர்த்தரப்பு நீட்டியது அந்த ஆஸ்பத்திரிக் காகிதத்தைத்தான்: வீட்டு மாடிப்படி. அன்றைய வரவுப் பதிவும், கூட வேலை செய்தவர் போனில் இருந்த ஒரு படமும், சைட்டுக்கு அம்புலன்ஸ் வந்த பதிவும் சேர்ந்துதான் அவனைக் கரையேற்றின. அதற்குள் ஒரு வருடத்துக்கு மேல் போய்விட்டது. அவனுடைய அம்மா கொழுந்து பறித்த காசில் பஸ் ஏறி ஏறி வந்தது எனக்குத் தெரியும்.

எனவே கொழும்பு பெரியாஸ்பத்திரியின் விபத்துப் பிரிவோ களுபோவிலை ஆஸ்பத்திரியோ, எங்கே போனாலும் இந்த வசனத்தைச் சொல்லுங்கள்: "இந்தத் திகதி, இத்தனை மணிக்கு, இந்த வீதியில் உள்ள இந்தக் கட்டட வேலையில், இந்த மாடியிலிருந்து விழுந்தேன்." கம்பனி பெயரையும் சொல்லுங்கள். சிங்களத்தில் எழுதுகிறார்கள் என்றால் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம், செலவை யாரோ பார்க்கிறார் என்பதற்காகப் பொய் சொல்லத் தேவையே இல்லை. காயத்தைப் பார்த்து வழக்குக்கு அறிக்கை எழுதும் சட்ட வைத்திய அதிகாரி பார்க்க வந்தால் அவரிடமும் இதையே சொல்லுங்கள். வெளியே வரும்போது, என்ன காயம், என்ன சிகிச்சை என்று எழுதித் தரும் டயக்னோசிஸ் கார்டைப் படமெடுத்துவிட்டு, மூலத்தைப் பத்திரமாக வையுங்கள். சைட்டில் கேட்டால் போட்டோக் கொப்பி மட்டும் கொடுங்கள்.

பொலிஸ், தொழில் திணைக்களம்

பெரிய காயமென்றால் அந்தப் பகுதிப் பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு போட வேண்டும். தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி, தமிழில் வாக்குமூலம் கொடுக்க உங்களுக்கு உரிமை உண்டு. வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதியதற்குக் கீழே கையெழுத்துப் போடாதீர்கள். முறைப்பாட்டு இலக்கத்தைக் கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள்.

1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம், பெயரில் தொழிற்சாலை என்றிருந்தாலும், தொழிலாக நடத்தப்படும் கட்டட வேலைகளுக்கும் பொருந்தும். ஒருவர் இறந்தாலோ, மூன்று நாளுக்கு மேல் வேலைக்கு வர முடியாமல் அடிபட்டாலோ, நடத்துபவர் தொழிற்சாலைப் பரிசோதனைப் பொறியியலாளருக்கு அறிவிக்க வேண்டும். அவர்கள் அறிவிக்காவிட்டால் நீங்களே நாரஹேன்பிட்டவில் உள்ள தொழில் திணைக்களத்துக்குப் போய்ச் சொல்லலாம். பரிசோதகர் வந்து எழுதும் அறிக்கை பிறகு எல்லா வழக்கிலும் கனத்த சாட்சி.

நட்டஈடு

தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டத்தின் பெரிய பலம், முதலாளியின் பிழையை நீங்கள் நிரூபிக்கத் தேவையில்லை என்பது. வேலையில், வேலையின் காரணமாக அடிபட்டேன் என்று காட்டினால் போதும். "அவன் கவலையீனமா நின்னான்" என்பது தப்பிக்கும் வழியல்ல. மரணம் விளையாத காயத்தில் மட்டும் சில விலக்குகள் உண்டு: குடிபோதையிலோ போதைப்பொருளிலோ இருந்ததால் நடந்தது, தெளிவாகக் கொடுத்த பாதுகாப்புக் கட்டளையை வேண்டுமென்றே மீறியது, பாதுகாப்புக் கவசத்தை வேண்டுமென்றே அகற்றியது. பகலில் ஒரு பியர் குடித்துவிட்டு ஏறாதீர்கள் என்று நான் கெஞ்சுவது இதனாலும்தான்.

விபத்தைப் பற்றி முதலாளிக்குக் கூடிய சீக்கிரம் அறிவியுங்கள், எழுத்தில், பதிவுத் தபாலில் அனுப்பினால் நல்லது. நட்டஈட்டு ஆணையாளரிடம் கோரிக்கை வைக்க இரண்டு வருடக் காலம் உண்டு. இரண்டு வருடம் நீண்ட காலம் போலத் தெரியும். "அடுத்த மாசம் பாப்போம்" என்று சொல்லிச் சொல்லியே அதைக் கரைத்துவிடுவார்கள். வேலைக்குப் போக முடியாத காலத்துக்கு அரை மாதத்துக்கு ஒரு தடவை தரும் கொடுப்பனவு, நிரந்தர ஊனமென்றால் இழந்த உழைக்கும் திறனின் வீதத்துக்கேற்ப மொத்தத் தொகை. 2022இல் சட்டத்தைத் திருத்தி, உச்சத் தொகையை 550,000 ரூபாயிலிருந்து 20 இலட்சம் ரூபாயாக உயர்த்தினார்கள். வேலைக்கு வரும் வழியிலும் திரும்பும் வழியிலும் நடக்கும் விபத்தையும் அந்தத் திருத்தம் சேர்த்தது. பாஸின் லொறியில் பின்னால் ஏறி வருகிறவர்கள் இதை நினைவில் வையுங்கள்.

முதலாளி ஒரு தொகை தந்து முடிக்கலாம் என்றால், கையில் வாங்கிக்கொண்டு வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். அந்த உடன்பாட்டை ஆணையாளரிடம் பதிவு செய்யச் சொல்லுங்கள்.

முதலாளியின் பிழையால்தான் நடந்தது என்று காட்ட முடிந்தால் நீதிமன்றத்தில் நட்டஈட்டு வழக்கும் போடலாம், அதற்கும் காலவரை இரண்டு வருடம். ஆனால் நீதிமன்ற வழியும் ஆணையாளர் வழியும் ஒன்றையொன்று அடைத்துவிடக்கூடும், எதை எடுப்பது என்று முடிவெடுக்கும் முன் சட்டத்தரணியைக் கேளுங்கள். வசதி இல்லாதவர்களுக்குப் புதுக்கடை நீதிமன்ற வளாகத்தில் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது, 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்தது. கொப்பி, படங்கள், டயக்னோசிஸ் கார்ட், பொலிஸ் இலக்கம், அடையாள அட்டை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள்.

உயிர் போய்விட்டால்

இந்தப் பகுதி ஊரில் இருக்கும் உங்கள் வீட்டாருக்கு. உடலை ஊருக்குக் கொண்டுபோகும் அவசரத்தில் திடீர் மரண விசாரணையில் என்ன பதிவாகிறது என்று யாரும் கவனிப்பதில்லை. அந்த விசாரணையில் குடும்பத்திலிருந்து ஒருவர் நின்று, எந்த சைட், யாருடைய வேலை என்று சொல்ல வேண்டும். கவனக்குறைவால் மரணம் விளைவித்தல் தண்டனைச் சட்டக் கோவையின் 298ஆம் பிரிவின்கீழ் ஐந்து வருடம் வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம், அதைப் பார்ப்பது பொலிஸாரும் நீதிமன்றமும். நட்டஈடு அதிலிருந்து தனி.

செத்தவீட்டுக்குக் கொந்தராத்துக்காரர் ஒரு கவரோடு வருவார். சவப்பெட்டிக்கும் வாகனத்துக்கும் அவர் கொடுப்பதை நன்றியோடு வாங்கிக்கொள்ளலாம். ஆனால் மரண நட்டஈட்டை முதலாளி ஆணையாளரிடம்தான் வைப்பிலிட வேண்டும், அங்கிருந்துதான் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் தங்கியிருந்த பெற்றோருக்கும் பிரித்துக் கொடுக்கப்படும். கையில் கொடுத்தது அந்தக் கணக்கைத் தீர்த்ததாகாது. "எல்லாம் கொடுத்து முடிச்சாச்சு" என்று எழுதிய தாளில் அன்றைக்கு அந்த வீட்டில் யாரும் கையெழுத்துப் போட வேண்டாம்.

இதெல்லாம் உங்கள் அம்மாவுக்கோ மனைவிக்கோ எப்படித் தெரியும்? அவர்களுக்கு "கொழும்புல வேலை" என்று மட்டும்தான் தெரியும். சைட் வாசலில் எடுத்த அந்தப் பலகைப் படத்தை, பாஸின் முழுப் பெயரோடும் போன் இலக்கத்தோடும் இன்று பின்னேரமே வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். சைட் மாறினால் புதுப் பலகையையும் அனுப்புங்கள்.